சுங்கத்துறை பிடித்த ஏழு படங்கள்: கலையில் காமம் எப்போது ஆபாசமாகிறது?

2023 ஏப்ரலில் மும்பை விமான நிலையச் சரக்குப் பிரிவில் சுங்கத்துறை 7 கலைப்படைப்புகளைப் பிடித்து வைத்தது. அவற்றில் 4 ஓவியர் எஃப்.என். சூசா வரைந்தவை. மற்ற 3 ஓவியர் அக்பர் பதம்ஸியுடையவை. மும்பை நிறுவனம் ஒன்று லண்டனிலும் ஸ்காட்லாந்திலும் நடந்த ஏலங்களில் எடுத்தவை அவை. ஆபாசப் பொருள் என்று சொல்லி, 2024 ஜூலை 1 அன்று பறிமுதல் ஆணை பிறந்தது. கூடவே 50,000 ரூபாய் அபராதம். அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்து, படங்களை இரண்டு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. நிர்வாணம் இருக்கிறது, சிலவற்றில் உடலுறவு இருக்கிறது, ஆகவே ஆபாசம் என்று அதிகாரி முடிவு கட்டியது செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம்.

தீர்ப்புக்குப் பிறகு குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. கோயில் தேரில் செதுக்கியிருந்தால் வடம் பிடிக்கிறோம், காகிதத்தில் வரைந்தால் வழக்கா? ஆண்டாள் பாடினால் பக்தி, இன்றைய கவிஞர் எழுதினால் கொச்சையா? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மார்கழி விடியலில் திருப்பாவை சொல்லும் குடும்பங்களில் இந்தக் கேள்விகள் எழுவது நியாயம்தான். இவற்றுக்குப் பதில் இருக்கிறது. நம் மரபில் புனிதமும் காமமும் எதிரெதிர் முகாம்களாக இருந்ததில்லை. எந்த இடத்தில், எந்தக் குரலில், எந்த அமைப்புக்குள் காமம் வருகிறது என்பதைத்தான் மரபு கவனமாக வகுத்தது. இன்றைய சண்டைகளில் பெரும்பாலானவை அந்த அமைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு துண்டை மட்டும் கையில் எடுத்துப் பார்ப்பதால் வருபவை.

முதலில் நான்கு சொற்கள்

1. புனிதம். அன்றாடப் புழக்கத்திலிருந்து ஒதுக்கி, தனி இடமும் தனி நேரமும் தனி நடத்தையும் விதிக்கப்பட்டது புனிதம். செருப்பைக் கழற்றுவது, குளித்துவிட்டுத் தொடுவது எல்லாம் அந்த ஒதுக்கலின் அடையாளங்கள். புனிதம் என்பதை ஒழுக்கம் என்று எடுத்துக்கொள்வதில்தான் முதல் தவறு ஆரம்பிக்கிறது. ஒழுக்கம் மனிதர்களின் நடத்தையைப் பற்றியது. புனிதம் ஒன்றை எப்படி நெருங்க வேண்டும் என்பதைப் பற்றியது.

2. உன்னதம். பார்ப்பவரைச் சிறியவராக்கி, அச்சத்தையும் வியப்பையும் ஒருசேர எழுப்புவது. இங்கிலாந்தில் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1757இல் இதைத் தனி நூலாகவே எழுதினார். ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1790இல் அதை வேறு திசையில் வளர்த்தார். பர்க் போட்ட ஒரு கோடு இன்றுவரை தொடர்கிறது: அழகு என்பது அன்பையும் ஆண்பெண் ஈர்ப்பையும் சேர்ந்தது, உன்னதம் என்பது அச்சத்தையும் உயிர் காத்துக்கொள்ளும் உணர்ச்சியையும் சேர்ந்தது. அதாவது காமமும் உன்னதமும் வேறு வேறு அறைகள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டு (உணர்ச்சி வெளிப்பாட்டு) பட்டியல் எட்டில் மருட்கை (வியப்பு), அச்சம், உவகை மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே சுவர் இல்லை.

3. காமம். திருக்குறளின் மூன்றாம் பால், 25 அதிகாரம், 250 குறள். விருப்பம், கூடல், பிரிவு, ஊடல், ஏக்கம் அத்தனையும் இதற்குள் அடங்கும். உடலுறவு அதில் ஒரு பகுதி.

4. ஆபாசம். இது கலைச்சொல்லே கிடையாது, சட்டச்சொல். படைப்பு நல்லதா கெட்டதா என்று இது கேட்பதில்லை. பார்ப்பவரிடம் என்ன விளைவை உண்டாக்கும் என்று கேட்கிறது. அதனால்தான் ஒரே படம் ஓர் இடத்தில் ஆபாசமாகவும் இன்னோர் இடத்தில் கலையாகவும் ஆக முடிகிறது.

எலிஃபண்டாவில் பார்க்க வேண்டியது

மும்பைக்காரர்களுக்கு இதைப் புத்தகத்தில் தேட வேண்டிய அவசியமில்லை. எலிஃபண்டா தீவின் குகைக் கோயில், கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் சுமார் ஒரு மணி நேரம். திங்கட்கிழமை விடுமுறை. பெரிய குகை 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் காலம். 1987இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பலர் உள்ளே போய் மூன்று முகச் சிலையின் முன் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தக் குகையில் இரண்டு அச்சுகள் இருக்கின்றன என்பதைக் கவனித்தால்தான் சிற்பிகள் என்ன செய்தார்கள் என்பது பிடிபடும்.

வடக்கு வாசலில் நுழைந்ததும் வலப்பக்கம் ஆடும் சிவன், இடப்பக்கம் யோகத்தில் அமர்ந்த சிவன். ஆட்டமும் அடக்கமும் எதிரெதிரே. நேராகத் தெற்கே நடந்தால் இருட்டுக்குள்ளிருந்து சதாசிவன் வெளிப்படும். மூன்று ஆள் உயரத்துக்கு மேல். தலையும் மார்பும் மட்டும். மிச்ச உடல் பாறைக்குள் இருப்பது போன்ற அமைப்பு. நடு முகம் கண் மூடி அமைதியாக இருக்கிறது. பார்ப்பவரின் இடப்பக்க முகம் மீசையோடு சினந்திருக்கிறது. வலப்பக்க முகம் பெண்மை கனிந்து, கையருகே தாமரை. அச்சமும் கனிவும் ஒரே கழுத்திலிருந்து பிரிகின்றன. பர்க் பிரித்து வைத்த இரண்டு அறைகளுக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஒரே கூரை.

சதாசிவனுக்கு இடப்பக்கம், அதாவது கிழக்கே, அர்த்தநாரீசுவரர். இடுப்பு ஒடிந்து, நந்தியின் மேல் சாய்ந்து நிற்கும் உருவம். நம் வலப்பக்கம் தெரியும் பாதி பெண்: திரண்ட மார்பு, வளைந்த இடை, கையில் கண்ணாடி. ஆண் பாதியின் தோள் நேராக இறங்குகிறது, பெண் பாதியின் இடை வெளியே வளைகிறது. இரண்டு கோடுகளும் தொப்புளுக்கு மேலே எங்கோ சேர்கின்றன. தையல் தெரியாத அந்தச் சேர்க்கைதான் சிற்பியின் சாதனை. கீழ்ப்பகுதி சிதைந்திருப்பதையும் பார்க்கலாம்.

இரண்டாவது அச்சு கிழக்கு மேற்காக ஓடுகிறது. அதன் மேற்குப் பகுதியில் நான்கு வாசல் கொண்ட சதுரக் கருவறை, வாசலுக்கு இருவராக 8 துவாரபாலகர்கள், உள்ளே லிங்கம். அதே பக்கத்தில் அந்தகாசுரனைச் சூலத்தில் ஏற்றும் சிற்பமும், பார்வதியின் கையைப் பிடிக்கும் கல்யாணசுந்தரர் சிற்பமும் எதிரும் புதிருமாக வைக்கப்பட்டுள்ளன. மணப்பெண் தலையைச் சற்றே சாய்த்து நிற்கிறாள். கொலையின் கோபத்தையும் திருமணத்தின் நாணத்தையும் நேர்க்கு நேர் நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே உருவமில்லாத லிங்கத்தை வைத்திருக்கிறார்கள். உருவம் உள்ள உணர்ச்சிகளைத் தாண்டி அதற்குப் போகச் சொல்கிற வரிசை இது. ஒரே ஒரு சிற்பத்தைத் தனியே படமெடுத்தால் இந்த வரிசை காணாமல் போகும்.

இடம்தான் பொருளைத் தீர்மானிக்கிறது

கஜுராகோவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அங்குள்ள சிற்பங்கள் எல்லாமே உடலுறவுக் காட்சிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவை மொத்தத்தில் சிறு பங்குதான். முக்கியமான மிதுன (ஆண்பெண் கூடும்) சிற்பத் தொகுதிகள் இருக்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். லட்சுமணர், விசுவநாதர், கந்தரிய மகாதேவர் கோயில்களில் அவை மண்டபமும் கருவறையும் சேரும் இணைப்புச் சுவரில் வருகின்றன. மும்பையைச் சேர்ந்த கலை வரலாற்றாய்வாளர் தேவாங்கனா தேசாய் இதைத் தற்செயல் என்று விடவில்லை. கட்டடம் இணையும் சந்தியில் உடல்கள் இணையும் உருவத்தை வைத்திருக்கிறார்கள், அது சிலேடை என்கிறார். மனிதர் கூடும் மண்டபத்துக்கும் தெய்வம் இருக்கும் அறைக்கும் நடுவில் அந்தச் சுவர் நிற்கிறது.

நாட்டியத்தில் இதே சிந்தனை வேறு வழியில் வருகிறது. தமிழிசைச் சங்கத்தில் 1975இல் ஆற்றிய தலைமையுரையில் நடனக் கலைஞர் பாலசரசுவதி பரதநாட்டியக் கச்சேரியின் வரிசையைக் கோயிலாக விளக்கினார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம் என்று ஒவ்வொரு மண்டபமாக உள்ளே போகிறோம், பதம் கருவறை. பதம் என்பது முழுக்க முழுக்க சிருங்காரம், அதாவது காதல் சுவை. காதலனைக் கடியும், அழைக்கும், காத்திருக்கும் பெண்ணின் குரல். அதைத்தான் அவர் கருவறையில் வைத்தார். சிருங்காரத்தைக் குறைத்துச் சுத்தப்படுத்த வேண்டும் என்று கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவியின் வழி சொன்னபோது, அதைச் சுத்தம் செய்ய அதில் அழுக்கு ஒன்றுமில்லை என்பதே பாலசரசுவதியின் நிலை. என் வாக்கு பாலசரசுவதிக்குத்தான். மும்பையில் அரங்கேற்றத்துக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குப் பதத்தின் பொருளைச் சொல்லாமல் முகபாவத்தை மட்டும் சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகிறது? கண் இமை துடிக்கும், உதடு மலரும், ஆனால் யாரை நோக்கி எதற்காக என்பது பிள்ளைக்கே தெரியாது. கொச்சை அங்கேதான் நுழைகிறது.

தமிழ் போட்ட விதியும், மீறிய விதமும்

தமிழில் காமத்தை எழுத ஓர் இலக்கணமே இருந்தது. அதன் முதல் விதி பெயர் சொல்லாமை. காதலைப் பாடும் அகத்திணையில் வரும் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. 'சுட்டி ஒருவர் பெயர் கொளப் பெறாஅர்' என்கிறது தொல்காப்பியம். இது வெறும் சம்பிரதாயம் என்று தோன்றலாம். இதன் பயன் மிகப் பெரியது. பெயர் இல்லாததால் அந்தக் காமம் யாருடைய அந்தரங்கத்தையும் அம்பலப்படுத்தவில்லை. கேட்கிற எல்லாருடைய அனுபவமாகவும் அது ஆக முடிந்தது. புணர்தலுக்குக் குறிஞ்சி, பிரிவுக்குப் பாலை என்று நிலத்தை முன்னிறுத்தியதால் உடலைச் சொல்ல வேண்டிய இடத்தில் மலையும் சுனையும் தேனும் பேசின.

அதே தொல்காப்பியம் புறத்திணையியலில் 'காமப் பகுதி கடவுளும் வரையார்' என்று ஒரு கதவைத் திறந்து வைக்கிறது. கடவுளைப் பாடும்போதும் காமப் பகுதி விலக்கில்லை. பக்தி இலக்கியம் அந்தக் கதவு வழியாகவே வந்தது என்பது என் கருத்து. பெயர் சொல்லக் கூடாது என்ற விதியை ஆழ்வார்களும் நாயன்மார்களும் மீறினார்கள். தலைவனுக்குப் பெயர் வந்தது, ஊர் வந்தது. அந்தத் தலைவன் கடவுள் என்பதால் மீறல் தாங்கியது.

அதன் வடிவங்களை எடுத்துப் பார்க்கலாம்:

1. குரல் மாற்றம். நம்மாழ்வார் திருவாய்மொழியில் 27 பதிகங்கள் பெண்ணிலையில் பாடப்பட்டவை: தலைவி பேச்சாக 17, தாய் பேச்சாக 7, தோழி பேச்சாக 3. அவரைப் பராங்குச நாயகி என்றே வைணவம் அழைக்கிறது. ஆண் கவிஞர் பெண்ணாகிக் கடவுளுக்கு ஏங்குவதை யாரும் விசித்திரமாகக் கொள்ளவில்லை.

2. முழு அக நூல். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாடல். இயற்கைப் புணர்ச்சியில் தொடங்கி, பரத்தையிற் பிரிவு வரை ஒரு காதலின் படிநிலைகள். பாடல்களில் தில்லை திரும்பத் திரும்ப வரும். எட்டாம் திருமுறையில் வைக்கப்பட்ட நூல் இது.

3. நேரடிக் குரல். ஆண்டாள் வேடம் போடவில்லை. நாச்சியார் திருமொழியில் 'உன்னித்தெழுந்த என் தடமுலைகள் மானிடவர்க்கென்று பேச்சுப்படில் வாழகில்லேன்' என்று தன் உடலைத் தானே பெயர் சொல்லி அர்ப்பணிக்கிறாள். திருப்பாவையின் 19ஆம் பாசுரம் குத்துவிளக்கு எரிய, கட்டிலின் மேல், நப்பின்னையின் கொங்கை மேல் சாய்ந்து கிடக்கும் கண்ணனை எழுப்புகிறது. மார்கழி 19ஆம் நாள் குழந்தைகள் உட்பட எல்லாரும் அதைச் சேர்ந்து சொல்கிறார்கள், பொங்கல் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். ஒருவர் மனமும் கெடவில்லை.

4. காப்புப் பாடலில் கூட. கிரக தோஷத்துக்குச் சொல்லும் கோளறு பதிகம் 'வேயுறு தோளி பங்கன்' என்றுதான் ஆரம்பிக்கிறது: மூங்கில் போன்ற தோளை உடையவளைத் தன் பாதியாகக் கொண்டவன். சனியை விரட்டும் பதிகத்தின் முதல் சொல் ஒரு பெண்ணின் தோளழகு.

வியாக்கியான மரபு இவற்றுக்கு உட்பொருள் சொல்லும். மார்பு என்றால் பக்தி என்பது வைணவ உரைகளில் பழகிய விளக்கம். அந்த உட்பொருள் மதிக்க வேண்டியதுதான். ஆனால் வெளிப்பொருளை அழித்துவிட்டு உட்பொருளை மட்டும் வைத்துக்கொண்டால் கவிதை செத்துவிடும். உடல் ஏங்குவது தெரிந்தால்தான் உயிர் ஏங்குவது புரியும்.

ஐரோப்பாவிலும் இந்தக் கலப்பு இல்லாமல் இல்லை. ரோமில் பெர்னினி 1647 முதல் 1652 வரை செதுக்கிய புனித தெரேசாவின் பரவசச் சிலை ஒரு தேவாலயத்தின் பீடத்தில் இருக்கிறது. பைபிளின் பாடல்களின் பாடல் எட்டு அதிகாரமும் காதல். கோவாவில் கத்தோலிக்கராக வளர்ந்த சூசா, சிலுவையில் அறைந்த கிறிஸ்துவையும் நிர்வாணப் பெண்ணையும் அதே முரட்டுக் கோட்டால் வரைந்தவர். அவர் படங்களை இந்தப் பின்னணி இல்லாமல் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார்.

சட்டம் எப்படி நகர்ந்தது

ஆபாசம் பற்றிய சட்டத்தின் வரலாற்றில் மும்பைக்குப் பெரிய பங்கு உண்டு. 1954இல் ஜஹாங்கீர் கலைக்கூடக் கண்காட்சியில் இருந்த காதலர் ஓவியங்களுக்காக இதே பதம்ஸி மீது வழக்குப் போடப்பட்டு, விடுவிக்கப்பட்டார். எழுபது ஆண்டு கழித்து அவர் படங்கள் மறுபடியும் அதே நகரத்தில் மாட்டின.

1. 1868, இங்கிலாந்து நீதிமன்றம் வகுத்த ஹிக்ளின் அளவுகோல். கெடும் வாய்ப்புள்ள மனங்களை ஒரு படைப்பு கெடுக்குமா என்று பார்ப்பது. இதன் கோளாறு, சமூகத்தின் மிக பலவீனமான வாசகரை வைத்து எல்லாரும் எதைப் படிக்கலாம் என்று முடிவெடுப்பதுதான். நூலின் ஒரு பத்தியைத் தனியே எடுத்துத் தீர்ப்புச் சொல்லவும் இது இடம் கொடுத்தது.

2. 1964, ரஞ்சித் உதேஷி வழக்கு. மும்பைப் புத்தகக் கடைக்காரர் மீதான தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. விற்கப்பட்டது டி.ஹெச். லாரன்ஸின் நாவல். ஹிக்ளினை நீதிமன்றம் அன்று கைவிடவில்லை. ஆனால் கலையையும் ஆபாசத்தையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்றது.

3. 1985, சமரேஷ் போஸ் வழக்கு. வங்க நாவல் ஒன்றைப் பற்றியது. நீதிபதி முதலில் எழுத்தாளரின் இடத்தில் தன்னை வைத்து அவர் சொல்ல வந்தது என்ன என்று பார்க்க வேண்டும். பிறகு வாசகரின் இடத்தில் நின்று அதன் தாக்கத்தைப் பார்க்க வேண்டும். கொச்சை வேறு, ஆபாசம் வேறு என்பதும் இதில் தெளிவானது.

4. 2014, அவீக் சர்க்கார் வழக்கு. ஹிக்ளினை உச்ச நீதிமன்றம் விட்டது. இன்றைய சமூகத்தின் சராசரி மனிதர் முழுப் படைப்பையும் அதன் சூழலோடு பார்த்தால் எப்படித் தோன்றும் என்பதே அளவுகோல் ஆனது.

5. 2015, தேவிதாஸ் துல்ஜாபூர்கர் வழக்கு. காந்தியைப் பேசுபவராக வைத்த மராத்திக் கவிதை பற்றியது. மதிப்புக்குரிய வரலாற்று மனிதரைக் கொச்சை மொழியில் பேசவைத்தால் அளவுகோலின் கடுமை கூடும் என்றது நீதிமன்றம். புனிதம் என்ற எண்ணம் மதத்துக்கு வெளியேயும் சட்டத்துக்குள் நுழைந்துவிட்டதை இதில் பார்க்கலாம். இது சரியான வழி என்று எனக்குத் தோன்றவில்லை. மதிப்புக்குரியவர் பட்டியலை யார் எழுதுவது?

2024 சுங்க வழக்கில் தவறியது இந்த வரிசைதான். இறக்குமதியைத் தடுக்கச் சுங்கத்துறை எடுத்துக்கொண்டது 1964 ஜனவரி 18ஆம் தேதியிட்ட அறிவிக்கை. அதில் 'ஆபாசமான' என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் ஐம்பது ஆண்டுகளாகக் கொடுத்துவந்த பொருளை அதிகாரி சேர்த்துப் படித்திருக்க வேண்டும்.

தேருக்கு விலக்கு, தாளுக்கு வாதம்

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டம் 292இன் வாரிசு. முதல் முறைக்கு 2 ஆண்டு வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும்; மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை, 10,000 ரூபாய் வரை. மின்னணு வடிவமும் இப்போது வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. விலக்குகள் இரண்டு வகை:

1. அறிவியல், இலக்கியம், கலை, கல்வி போன்றவற்றின் பொருட்டுப் பொது நன்மைக்கானது என்று நியாயப்படுத்தக்கூடியவை. அல்லது உண்மையான மத நோக்கத்துக்காக வைத்திருப்பவை.

2. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான பழம்பெரும் நினைவுச்சின்னங்கள், எந்தக் கோயிலும், தெய்வத் திருமேனிகளை எழுந்தருளச் செய்யும் தேர் ஆகியவற்றில் செதுக்கிய, வரைந்த உருவங்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. தேரின் கீழ்த்தட்டில் உள்ள மிதுனச் சிற்பம் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அது தேரில் இருப்பதே போதும். அதே உருவத்தை இன்று ஓர் ஓவியர் தாளில் வரைந்தால், கலை என்று வாதாட வேண்டிய பாரம் அவர் தலையில் விழுகிறது. சட்டம் பழையதைக் காப்பாற்றியது, பழையதிலிருந்து புதிது பிறப்பதைக் காப்பாற்ற மறந்தது. தேர்த் தச்சரும் ஒரு காலத்தில் புதிதாகச் செதுக்கியவர்தானே.

கைப்பேசியில் வரும்போது இன்னொரு சட்டமும் சேரும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஆம் பிரிவில் முதல் தண்டனை 3 ஆண்டு வரை, அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை. வெளிப்படையான பாலுறவுச் செயல் என்றால் 67அ பிரிவு. 5 ஆண்டு வரை, 10 லட்சம் வரை. கலை, கல்வி, பாரம்பரியம், மதம் ஆகியவற்றுக்கான விலக்கு இந்தச் சட்டத்திலும் உண்டு. ஆனால் குடும்ப வாட்ஸப் குழுவில் எந்தக் குறிப்பும் இல்லாமல் ஒரு கஜுராகோ சிற்பத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி அனுப்புகிறவருக்கு அந்த விலக்கைக் காட்டுவது எளிதல்ல.

மத உணர்வு தனிப் பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 295அ, இப்போது நியாய சன்ஹிதாவில் 299. 3 ஆண்டு வரை சிறை. இதற்கு வேண்டுமென்றே, தீய எண்ணத்தோடு புண்படுத்தியிருக்க வேண்டும். யாரோ புண்பட்டார் என்பது போதாது. வழக்கை நீதிமன்றம் ஏற்க அரசின் முன் அனுமதியும் வேண்டும். ஆபாசப் புகாரையும் மதப் புகாரையும் ஒரே மனுவில் கலந்து எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டுக்கும் வேறு வேறு சோதனைகள். பதில் சொல்பவர் முதலில் அவற்றைப் பிரித்துவிட வேண்டும்.

இந்தப் பிரிப்பை நீதிமன்றம் எப்படிச் செய்கிறது என்பதற்கு இரண்டு தீர்ப்புகள் உண்டு. இரண்டையும் எழுதியவர் சஞ்சய் கிஷன் கவுல். 2008 மே 8 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தில் எம்.எஃப். ஹுசைனின் பாரதமாதா ஓவிய வழக்கை ரத்து செய்தவர், 2016 ஜூலை 5 அன்று சென்னையில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வழக்கில் எழுத்தாளர் மறுபடி எழுத வர வேண்டும் என்றார். திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் திருவிழாவை ஒட்டி, குழந்தையில்லாத பெண்ணின் கதையைச் சொன்ன நாவல் அது. நாவலில் கோயில், உடல், வேண்டுதல் மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. எதிர்ப்பு கிளம்பிய விதம் முக்கியம்: 2010இல் வந்த நாவலுக்கு 2014 கடைசியில், திருவிழாப் பகுதியின் சில பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுத்ததால் கிளம்பியது.

எங்கே தவறு நேர்கிறது

1. துண்டு வெட்டுதல். மேலே சொன்ன நகல் பக்கங்களும் வாட்ஸப் படமும் ஒரே நோய். முழு நாவலில் அந்தப் பெண்ணின் துயரம் பக்கம் பக்கமாகச் சேர்ந்து வரும். நகலெடுத்த சில பக்கத்தில் மிஞ்சுவது நிகழ்ச்சி மட்டும்.

2. உரை இல்லாத மொழிபெயர்ப்பு. நாச்சியார் திருமொழியை இந்தியிலோ ஆங்கிலத்திலோ உறுப்புப் பெயர்களோடு வரிக்கு வரி வைத்து, பாடலின் முறையையும் இசையையும் கழற்றிவிட்டால், படிப்பவருக்கு அதிர்ச்சிதான் எஞ்சும். தில்லி, மும்பை மேடைகளில் இது அடிக்கடி நடக்கிறது. அடிக்குறிப்பு இரண்டு வரி இருந்தாலே பெரும் வித்தியாசம்.

3. அளவை மறத்தல். மூன்று ஆள் உயரக் கல், அஞ்சலட்டை அளவுக்குச் சுருங்கியதும் உன்னதம் போய்விடுகிறது. எஞ்சுவது வெறும் உடல். அர்த்தநாரியின் மார்பு குகையில் நம் தலைக்கு மேலே இருக்கிறது, கையில் இருக்கும் திரையில் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது. பார்வையே மாறிவிடும்.

4. அதிர்ச்சியைப் புனிதம் என்று விற்பது. இது கலைஞர் பக்கத் தவறு. தெய்வத்தின் பெயரை ஒட்டிவிட்டால் எந்த நிர்வாணமும் ஆழம் பெற்றுவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உருவத்துக்குள் அந்தத் தெய்வத்துக்கான காரணம் இல்லையென்றால் பெயர் வெறும் விளம்பரம். சட்டப்படி குற்றமாகாமல் இருக்கலாம். நல்ல கலையாகவும் ஆகாது.

காட்சி வைப்பவர், பதிப்பவர், அரங்கேற்றுபவர் செய்யக்கூடியது

கலைக்கூடமோ பதிப்பாளரோ நாட்டியப் பள்ளியோ, பிரச்சினை வந்தபின் ஓடுவதைவிட முன்பே கோப்பு ஒன்றைத் தயாரித்து வைப்பது நல்லது. வெளிநாட்டிலிருந்து படம் தருவிப்பவர் ஏலப் பட்டியல், விலைச்சீட்டு, அந்தக் கலைஞரின் படைப்புகள் பொது அருங்காட்சியகங்களில் இருப்பதற்கான சான்று, கலை வரலாற்றாளர் ஒருவரின் கையெழுத்திட்ட கருத்து ஆகியவற்றைச் சரக்கோடு அனுப்பலாம். படத்தின் பெயரையும் ஆண்டையும் சுங்க விவரப் படிவத்தில் சுருக்காமல் எழுத வேண்டும். 'நிர்வாண ஓவியம்' என்று மட்டும் எழுதினால் அதிகாரி பார்க்கப்போவதும் அதை மட்டும்தான்.

கண்காட்சியில் ஒரு படைப்புக்கு 60 முதல் 80 சொல்லுக்குள் குறிப்பு போதும்: எந்த மரபிலிருந்து வருகிறது, பக்கத்தில் எது இருக்கிறது, ஏன். சிறுவர் பார்வை பற்றித் தனி எச்சரிக்கை வைப்பது கோழைத்தனம் ஆகாது. சிறுவர்களுக்கு ஆபாசப் பொருள் தருவது நியாய சன்ஹிதாவின் 295ஆம் பிரிவில் தனிக் குற்றம், சிறைக்காலமும் கூடுதல். நூலாக வெளியிடுவோர் மூலப் பாடலையும் பொருளையும் எதிரெதிர்ப் பக்கத்தில் வைத்து, பாடல் எண்ணையும் பதிக வரிசையையும் விடாமல் அச்சிட வேண்டும்.

அரங்கில் பதம் ஆடுபவருக்கு முன்னால் பாட்டின் பொருளை இரண்டு நிமிடம் அந்த ஊர் மொழியில் சொல்லிவிடலாம். மாட்டுங்கா அரங்கில் தமிழ் தெரிந்தவர் பாதி, தெரியாதவர் பாதி. 'இவள் யாருக்காகக் காத்திருக்கிறாள், எத்தனையாவது ஜாமம், தோழியிடம் எதை மறைக்கிறாள்' என்ற மூன்றும் சொல்லிவிட்டால், பிறகு கண் இமை துடிக்கும்போது அரங்கில் யாரும் நெளிவதில்லை.